டிரைவர் இல்லாத குரல்

கொழும்பின் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றின் கடைசியில், ரயில் பாதையைப் பார்த்தபடி நின்றது அந்தக் கட்டடம். நிக்கலஸ் போய்ச் சேர்ந்தபோது மதியம்தான் திரும்பியிருந்தது. வானம் மட்டும் பொழுதுபட்டதுபோலக் கறுத்துக் கிடந்தது. படிக்கட்டுச் சுவர்களில் உப்புக் காற்று தின்ற சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. இரண்டாம் மாடிக்கு ஏறி, கதவைத் தட்டக் கையை உயர்த்தும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கொம்பியூட்டர்த் தம்பியோ? வாங்கோ. கதவு சாத்தித்தான் கிடக்கு, பூட்டேல்லை.”

நாகேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய மெலிந்த பெண்மணி. கண்கள் திறந்தே இருந்தன. ஆனால் அவை நிக்கலஸின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. தனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்று தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரிந்து வந்தும் அவன் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டினான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, “வந்துட்டேன்க்கா” என்றான்.

மேசையில், பின்னல் துணி ஒன்றின் கீழ், அவன் பார்க்க வந்த லெப்டொப் இருந்தது. செங்கல்போலத் தடித்தது. அதைச் செய்த கம்பனி லெப்டொப் செய்வதையே எப்போதோ விட்டுவிட்டது.

“இது என்ர தம்பி குகதாசன்ரை” என்றார் நாகேஸ்வரி. “போன வருசம் கந்தோர் வேலை முடிஞ்சு வரேக்கை ஆரோ வான் ஒண்டிலை ஏத்திக்கொண்டு போட்டினம். இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.”

பல அரசாங்கக் கந்தோர்களில், பல மேசைகளுக்கு முன்னால் சொல்லிச் சொல்லி, அழுகை முழுக்கத் தேய்ந்துபோன குரலில் அதைச் சொன்னார். அது போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு. அப்படிச் சொல்பவர்கள் அந்த ஒழுங்கையிலேயே வேறு சிலரும் இருந்தார்கள். நிக்கலஸ் பையைத் திறந்து சீடிகளை வெளியே எடுத்தான்.

தம்பி இருந்த காலத்தில் தினமும் வேலைக்குப் போகுமுன் அக்காவுக்காக எதையாவது வாசித்து அந்த லெப்டொப்பில் பதிந்து வைத்துவிட்டுப் போவானாம். பேப்பர், நாவல், கல்யாண விளம்பரம், எதுவென்றாலும். மரண அறிவித்தலை வானொலிக்காரர் மாதிரி வாசிப்பானாம். காணி விற்பனையைச் சந்தையில் மீன் கூவுகிற மாதிரி. மேல் வீட்டு ஜெஸீமா பகல் தொழுகை முடித்துவிட்டு வந்து அதைப் போட்டுவிடுவார். இப்போது ஜெஸீமா மகளின் பிரசவத்துக்காகப் புத்தளம் போய்விட்டார்.

“திரையிலை இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற புரோகிராம் ஒண்டு இருக்காமே. எங்கட பார்வையற்றோர் சங்கத்திலை சீடி தந்தவை. ஆனா இந்தப் பழைய விண்டோஸிலை அது ஓடாதாம். விண்டோஸ் எக்ஸ்பி போடவேணுமாம். அது வந்தால் நானே கடிதம் எழுதுவன். எத்தினை இடத்துக்கு எழுதக் கிடக்கு. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு ஆளின்ரை கையைப் பிடிக்கவேண்டிக் கிடக்குது.” சற்று நிறுத்தினார். “ஒண்டு மட்டும் தம்பி. அவன்ரை குரலை முதல் எடுத்து வையுங்கோ. பிறகு என்னவும் செய்யுங்கோ.”

“அது கட்டாயம் எடுத்து வப்பேன்க்கா” என்றான் நிக்கலஸ்.

குரல்கள் ‘அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் இருந்தன. டிஸ்க்கில் பெரும்பகுதியை அதுவே பிடித்திருந்தது. அவன் பென் டிரைவைச் செருகினான். பழைய விண்டோஸுக்கு அதை யாரென்று தெரியவில்லை. அதை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரைக் கொடு என்று கேட்டது. அவனிடம் இருக்கவில்லை.

“என்ன தம்பி?”

“டிரைவர் இல்லக்கா. அதான் தேடுறேன்.”

நாகேஸ்வரியின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு, “ஓ, கொம்பியூட்டருக்குள்ளையும் டிரைவர் இருக்கோ” என்றார். “அந்த வானுக்கும் ஒரு டிரைவர் இருந்தவன்தானே. அவனை ஒருத்தரும் தேடேல்லை.”

வழி இல்லாமல் இல்லை. லெப்டொப்பைக் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனால் டிஸ்க்கைக் கழற்றி, தன் மெஷினில் பொருத்தி, எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிடலாம். நிக்கலஸுக்கு அது தெரியும். ஆனால் வெள்ளவத்தைப் பாலத்தடியில் படையினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். இது யாருடையது என்று கேட்டால்? காணாமற்போனவனுடையது என்று சொல்வதா? நிக்கலஸுக்கு மனைவி இருந்தாள். வீடு இருந்தது. நேரமும் போய்க்கொண்டிருந்தது, இருட்டுமுன் பாலத்தைக் கடந்துவிட வேண்டும். எக்ஸ்பி சீடியைப் போட்டுப் பார்த்தான். டிஸ்க்கில் இடம் போதாது என்றது.

“இடம் பத்தாது” என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

திரும்பிப் பார்த்தான். நாகேஸ்வரி ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையை மடியில் வைத்து அமைதியாக இருந்தார். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

டிஸ்க்கை முழுவதுமாக அழித்தான்.

எக்ஸ்பி ஏறியது, அதன் மேல் சங்கத்துப் புரோகிராமும் ஏறியது. பிறகு அவன் இன்னொன்றும் செய்தான். ‘அக்கா’ என்ற பெயரிலேயே வெறும் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, பழைய இடத்தில் வைத்தான். யாராவது எட்டிப் பார்த்தால் பெயராவது இருக்கட்டும் என்று. அந்த வேலை ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவனுக்கு அதுதான் அதிகம் நினைவுக்கு வந்தது.

“எடுத்து வச்சிட்டீங்களோ?”

“எல்லாம் பத்திரமா இருக்குக்கா. சவுண்ட் மட்டும் வரல. புது விண்டோஸ்ல இந்த மாடலுக்குச் சவுண்ட் டிரைவர் இல்ல. தேடி எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதுவும் கேக்காது.”

அதில் பாதி உண்மை. திரையில், ஒலிக் கருவியின் பெயருக்கு நேரே மஞ்சள் கேள்விக்குறி நின்றது. வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு டிரைவர் கிடைக்காமல் போனதற்காக நிக்கலஸ் சந்தோஷப்பட்டான்.

நாகேஸ்வரி அவன் கையைத் தேடிப் பிடித்து, பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை அதில் வைத்தார். அவன் நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிட்டான்.

அதன் பிறகு அவன் அந்த டிரைவரைத் தேடவே இல்லை. அவருடைய இலக்கம் தொலைபேசியில் வந்தால் எடுப்பதுமில்லை. ஒருநாள் மனைவி யோசெப்பின் அது யாரென்று தெரியாமல் எடுத்து, அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

“தம்பி, கரைச்சல் குடுக்க எடுக்கேல்லை” என்றார் நாகேஸ்வரி. குரலில் அப்படியொரு மலர்ச்சி. “நன்றி சொல்லத்தான் எடுத்தனான். சத்தம் வந்திட்டுது.”

“என்னக்கா?”

“அவன் வாசிக்கிறான்.”

நிக்கலஸ் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான். பாவம், தனிமையில் மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்தான். அப்படி நினைத்தபோது ஏதோ ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த நாளே போனான்.

அன்று மழை. நாகேஸ்வரி மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, படம் பார்க்க வந்தவர்போலத் தயாராக இருந்தார். நிக்கலஸ் லெப்டொப்பை இயக்கிப் பார்த்தான். மஞ்சள் கேள்விக்குறி அப்படியே இருந்தது. ஒலிக்கு டிரைவர் இல்லை. ஃபோல்டரில் ஒன்றும் இல்லை. இந்த மெஷினால் ஒரு ‘டிங்’ என்ற சத்தம்கூட எழுப்ப முடியாது.

“அக்கா, இதுல…” என்று அவன் தொடங்கும்போது மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. கட்டடம் முழுவதும் கரண்ட் போய்விட்டது. பற்றரி எப்போதோ செத்த லெப்டொப், திரை கறுத்து அணைந்தது.

கரையோர ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அது போன பின் அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அப்போது ஒரு தாள் புரண்டது.

அறையில் எங்கும் தாள் இல்லை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேசைப் பக்கமிருந்துதான். அணைந்து கிடந்த அந்தக் கறுத்த பெட்டிக்குள்ளிருந்து.

“அக்கா, எதிலை விட்டனாங்கள்?” என்றது ஓர் ஆண் குரல். “ம்… அந்த அறை.”

நாகேஸ்வரி முன்னால் சாய்ந்தார்.

“அறைக்கு யன்னல் இல்லை. மேலை ஒரு ஓட்டை இருக்கு, அதாலை மத்தியானத்திலை மட்டும் வெளிச்சம் வரும்.” பேப்பர்ச் செய்தி வாசிப்பதுபோல நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அது வாசித்தது. “கீழை சாக்கு விரிச்சிருக்கு. ஈரச் சாக்கு. சுவருக்கு அங்காலை ஒருத்தர் இருக்கிறார். அவர் இருமுவார். இண்டைக்கு அவர் இருமேல்லை.”

அறைக்குள் டீசல் நாற்றம் எழுந்தது. அதோடு நனைந்த சாக்கின் புளித்த வாடை. கடற்காற்று வீசிக்கொண்டிருந்த அறையில் கடலின் மணம் முழுக்கப் போய்விட்டது. நிக்கலஸ் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

“மிச்சம் நாளைக்கு” என்றது குரல்.

நாகேஸ்வரியின் முகம் நனைந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

“ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுறான் தம்பி. முதல் வானைப் பற்றிச் சொன்னான். பிறகு ரோட்டை. பாலம் ஒண்டு கடந்தவையாம். இடத்தின்ரை பேரை மட்டும் இன்னும் சொல்லேல்லை. சொல்லுவான். சொன்னவுடனை நான் எழுதுவன், எல்லா இடத்துக்கும் எழுதுவன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இது முந்தி நான் கேட்டதில்லை. எப்ப பதிஞ்சவன்? உங்களுக்குத் தெரியுமோ?”

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

“தெரியலக்கா” என்றான் நிக்கலஸ்.

பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். முதுகுக்குப் பின்னால், மிகவும் மெதுவாக, அதே குரல் கேட்டது.

“இடம் பத்தாதோ?”

அவன் கால்கள் நின்றுவிட்டன.

“ஆரைக் கேக்கிறான்?” என்றார் நாகேஸ்வரி, தலையைச் சரித்து.

நிக்கலஸ் கதவை இழுத்துத் திறந்தான். படிகளில் ஓடி இறங்கினான்.

அதன் பிறகுதான் அவன் டிரைவரைத் தேடத் தொடங்கினான். பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தைவிட, அந்தக் கேள்வி நாகேஸ்வரியின் காதிலும் விழுந்துவிட்டதே என்ற வெட்கம் அவனை நித்திரை கொள்ள விடவில்லை. மெஷினை ஒழுங்காக்கிவிட்டால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று அவனுக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டதென்று அவனுக்கே தெரியாது. தனக்குத்தானே மட்டும் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டான்: ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் அந்த மாடலின் பெயரே இல்லை. பல கடைகள் ஏறி இறங்கி, கடைசியில் நுகேகொடையில் பழைய மெஷின்களை உடைத்துப் பாகங்களாக விற்கும் ஒஸ்வால்ட் என்பவரிடம் அந்த டிரைவர் சீடி கிடைத்தது. சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் கிளறி எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினார்.

“இவ்வளவு பாடுபட்டு இந்தக் குப்பைக்குச் சவுண்ட் எடுத்து என்ன மச்சான் செய்யப்போற?”

“வாக்குக் கொடுத்துட்டேன்” என்றான் நிக்கலஸ். அந்தச் சொல் வாயில் கசந்தது.

மறுபடி வெள்ளவத்தை. நாகேஸ்வரி கதவிலேயே நின்றார்.

“நல்ல நேரம் வந்தனீங்கள். இண்டைக்குப் பேரைச் சொல்லுறன் எண்டு நேற்றுச் சொன்னவன். இன்னும் கொஞ்ச நேரத்திலை தொடங்குவான்.”

“டிரைவர் கெடச்சிருச்சுக்கா. போட்டா இன்னும் தெளிவாக் கேக்கும்.”

அவர் தயங்கினார். “அவன் வாசிச்ச பிறகு போடேலாதோ?”

“ரெண்டு நிமிச வேலக்கா.”

அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கும் தைரியம் அவனுக்கு இருக்கவில்லை. அதுதான் உண்மை. சீடி சுழன்றது. மஞ்சள் கேள்விக்குறி மறைந்தது. லெப்டொப் ஒரு தரம் அணைந்து, மறுபடி எழுந்து, எக்ஸ்பியின் தொடக்க இசையைக் கணீரென்று ஒலித்தது. தொடர்ந்து, சங்கத்தில் கொடுத்த அந்த வாசிக்கும் புரோகிராம், உயிரில்லாத ஆங்கிலக் குரலில் திரையிலிருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. நாகேஸ்வரி விரல்களால் விசைகளைத் தடவி, அம்புக்குறியை அழுத்திப் பழகினார்.

“ஏக்கா. ஃபோல்டர்” என்றது அது.

“இதுதான், இதுதான்” என்று அவர் என்டரை அழுத்தினார்.

“எம்ப்டி.”

மறுபடி அழுத்தினார்.

“எம்ப்டி.”

நிக்கலஸ் தரையைப் பார்த்தான்.

“வெறுமையெண்டு சொல்லுது. என்ன தம்பி இது?”

மழை இல்லாத பகல். வெளியே கடல் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள எங்கும் ஒரு நிழலும் இருக்கவில்லை.

“நான் அழிச்சுட்டேன்க்கா” என்றான். “அன்னைக்கே. வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்திருக்கலாம். பாலத்தடியில புடிப்பாங்கன்னு பயம். அதான்… உங்களுக்குத் தெரியாதுதானேன்னு…”

அவர் விசைகளிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தார். திட்டுவார், அழுவார் என்று காத்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இவ்வளவு நாளும் எனக்கு வாசிச்சது ஆர்?” என்றார் கடைசியில்.



வழக்கமான நேரம் வந்தது. ரயில் போனது. இருவரும் காத்திருந்தார்கள். தாள் புரளவில்லை. யாரும் செருமவில்லை. ஒழுங்காகத் திருத்தப்பட்ட லெப்டொப், ஒழுங்கான லெப்டொப் போலச் சும்மா இருந்தது.

“போட்டதைக் கழற்றுங்கோ” என்றார் நாகேஸ்வரி. “தம்பி, கெஞ்சிக் கேக்கிறன், அதைக் கழற்றுங்கோ.”

அவன் டிரைவரை அகற்றினான். மஞ்சள் கேள்விக்குறி திரும்பி வந்தது. குரல் மட்டும் வரவில்லை. வெயில் சரிந்து, சுவரில் ஏறி, மங்கும்வரை அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“வானுக்குள்ளை ஏத்திக் கொண்டு போனவை ஒருக்கா” என்றார் அவர், யாரிடமும் அல்லாமல். “இது ரெண்டாந்தரம்.” பிறகு, கதவு இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, “நீங்கள் போங்கோ” என்றார்.

நிக்கலஸ் இதை யோசெப்பினிடம்கூடச் சொல்லவில்லை. யாராவது அவனைக் கெட்டிக்காரன் என்று புகழ்ந்தால் பேச்சை மாற்றினான். வெள்ளவத்தையிலிருந்து வேலைக்கு அழைத்தால் உடம்பு சரியில்லை என்றான்.

மாதங்கள் போயின. ஒரு முற்பகல், கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில், பாடசாலை ஒன்றின் கொம்பியூட்டருக்குப் புதிதாக எக்ஸ்பி போட்டுக்கொண்டிருந்தான். தெருவில் முச்சக்கர வண்டிகளின் இரைச்சல். கோவில் மணி அடித்து ஓய்ந்தது. எல்லாம் ஏறி முடிந்திருந்தது. டிரைவர்கள் மட்டும் இன்னும் போடவில்லை. ஸ்பீக்கர்களைக்கூட அவன் பொருத்தியிருக்கவில்லை; அவை வயர் சுற்றியபடி அலுமாரி மேல் கிடந்தன.

டீசல் மணத்தது.

முச்சக்கர வண்டியாக இருக்கும் என்று யன்னலைச் சாத்தினான். மணம் கூடியது. ஈரச் சாக்கு.

ஒரு தாள் புரண்டது.

“எதிலை விட்டனாங்கள்?” என்றது குரல்.

இந்த முறை அது ‘அக்கா’ என்று தொடங்கவில்லை.

குரல் நிதானமாக வாசித்துக்கொண்டு போனது. கதவின் நிறத்தைச் சொன்னது. வெளியே நின்ற மரத்தைச் சொன்னது. சுவருக்கு அப்பால் இருமியவரின் பெயரைச் சொன்னது. பிறகு இடத்தின் பெயரைச் சொன்னது.

அது தூரத்துக் காடு அல்ல. நுகேகொடைக்குப் போகும்போது அவன் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த மதில் ஒன்றின் உட்பக்கம்.

“யாருங்க வந்திருக்கிறது?” குசினியிலிருந்து யோசெப்பின் கூப்பிட்டாள். “பேச்சுக் கேக்குதே. ரெண்டு பேருக்கும் டீ ஊத்தவா?”

அவன் எழுந்து குசினிப் பக்கக் கதவைச் சாத்தினான்.

இதை யாரிடம் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வீட்டைத் தேடி வருவார்கள். வான் வரும். பாலத்தடியை நினைத்து அன்று வந்த அதே பயம்தான். அதை அடையாளம் கண்டபோது அவனுக்குக் கூசியது. தொலைபேசியை எடுத்து, மறக்க முடியாத அந்த இலக்கத்தை அழுத்தினான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“ஹலோ?” என்றார் நாகேஸ்வரி.

அவன் ரிசீவரைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தான். குரல் சட்டென்று நின்றது. ரிசீவரைத் தன் காதுக்குக் கொண்டுவந்தான். உடனே தாள் மெல்லப் புரண்டது. மறுபடி நீட்டினான், மறுபடி அமைதி.

“ஹலோ? ஆர் கதைக்கிறது?”

நிக்கலஸ் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காதுக்கு மிக அருகில், கொம்பியூட்டர் இருந்த பக்கத்தில் அல்ல, மற்றப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நீங்களே சொல்லுங்கோ தம்பி” என்றது அந்தக் குரல்.